இரண்டு கிளிக்

மே 5, செவ்வாய்

கத்திரி வெயில் தொடங்கி இரண்டாம் நாள். காலை ஏழுக்கே மொட்டை மாடி சுடுகிறது. தண்ணீர் லாரி வரவில்லை. அம்மா பிடித்து வைத்திருந்த இரண்டு குடத்தில் ஒன்றைத் துணி அலசக் கொட்டிவிட்டேன். காப்பிக்கு முன்னாலேயே திட்டு.

ஆம்பூருக்கு வந்து இன்றோடு ஒன்பது நாள். தெருவுக்கு லீவு என்று சொல்லியிருக்கிறோம். லீவும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. டியூட்டி லிஸ்ட்டிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை ஏர்போர்ட் டவருக்குள் கால் வைக்கக்கூடாது.

செய்ய வேண்டியவை:
வாக்குமூலம் எழுதுவது (13ஆம் தேதி கமிட்டி முன்னால் போகும்போது கையில் இருக்க வேண்டும்)
மிக்ஸி ஜாருக்கு பிளேடு
அம்மாவின் கண் சொட்டு மருந்து
பல் டாக்டர்? வேண்டாம், பிறகு

ஏழரைக்கு ஷூ கம்பெனி பஸ் தெருமுனையில் நின்றது. ஜன்னல் ஓரத்தில் இருந்த கோடி வீட்டு அக்கா என்னைப் பார்த்துவிட்டாள். "இன்னா ஸ்டெல்லா, பிளேன்லாம் நல்லா ஓடுதா?" நல்லாத்தான் ஓடுது அக்கா என்றேன். உண்மைதான். நான் இல்லாமலே ஓடுகிறது.

மே 6, புதன்

தோல் ஷெட் வாடை இன்று ஜாஸ்தி. காற்று அந்தப் பக்கத்திலிருந்து. ஜன்னலை மூடினால் வேகிறது, திறந்தால் குமட்டுகிறது. மூடி, திறந்து, மூடி, அரை நாள் போயிற்று.

வாக்குமூலம் எழுத உட்கார்ந்தேன். "மதிப்பிற்குரிய" வரை வந்தது. அதற்குமேல் பேனா ஓடவில்லை. சரி, முதலில் இங்கே, மரியாதை இல்லாமல்.

அன்று நான் கிரவுண்ட் பொசிஷனில். விமானம் தரையில் ஊர்ந்து வரும்போது எந்தப் பாதையில் வா, எங்கே திரும்பு, எங்கே நில் என்று சொல்கிற வேலை. ரன்வேயில் இறங்குவதும் ஏறுவதும் பக்கத்து நாற்காலியின் பொறுப்பு. அதில் ஜோசப். காலை மணி பத்தேகால். மேகம் இல்லை, மழை இல்லை, சாக்கு எதுவும் இல்லை.

ஒரு விமானம் ரன்வேயை நோக்கி ஊர்ந்து வருகிறது. இன்னொன்று அதே ரன்வேயில் இறங்கப் போகிறது. ஊர்ந்து வந்தவரிடம் ரன்வேக்கு முன்னால் உள்ள கோட்டில் நிற்கச் சொன்னேன். ஹோல்ட் ஷார்ட். தெளிவாகத்தான் சொன்னேன். பைலட் அதை அப்படியே, ரன்வே எண்ணோடு, தன் விமானத்தின் எண்ணோடு, திரும்பச் சொல்ல வேண்டும். ரீட்பேக். அவர் வாயால் சொன்னால்தான் அவர் மண்டைக்குள் போயிற்று என்று எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் கேட்டு வாங்க வேண்டியது என் வேலை. இதற்காகத்தான் சம்பளம்.

திரும்ப வந்தது ரீட்பேக் இல்லை. மைக் பட்டனை இரண்டு தடவை அழுத்துகிற சத்தம். டிக், டிக்.

அது கேப்டன் ஆர். டவரில் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் திரும்பச் சொல்வார்கள். அவர் கிளிக் பண்ணுவார். முப்பது வருஷம் ஓட்டியவர், நேற்று வந்த பெண்ணுக்கு ஒப்பிக்கமாட்டார். எங்களுக்குள் அவருக்கு "ரெண்டு கிளிக்" என்றே பெயர். நாங்கள் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

கேட்டு வாங்கவில்லை. அடுத்த விமானத்துக்குப் போய்விட்டேன்.

அவர் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி மூக்கை ரன்வேக்குள் நீட்டிவிட்டார். ஜோசப் பார்த்தான். இறங்கிக்கொண்டிருந்த விமானத்தை மேலே ஏறிப் போகச் சொன்னான். அது அவர் தலைக்கு மேலே போயிற்று. டவர் கண்ணாடி அதிர்ந்து என் டீ சிந்தியது. அதில் இருந்த ஜனங்கள் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று போட்டோ எடுத்திருப்பார்கள்.

ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அதனால்தான் எல்லோருக்கும் இதைச் சுருட்டிக் கட்டில் அடியில் தள்ளிவிட அவசரம்.

மே 8, வெள்ளி

மிக்ஸி பிளேடு வாங்கியாயிற்று. தப்பான சைஸ். மாற்ற வேண்டும்.

பதினொன்றுக்கு மூர்த்தி சார் போன். எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர். இனி மூ.சார். அம்மா எப்படி, வெயில் எப்படி, ஆம்பூர் பிரியாணி எப்படி. இந்த மனுஷன் நலம் விசாரித்தால் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். "ரீட்பேக் வந்ததா நெனச்சேன்னு எழுதிடும்மா. வேலைப் பளு, மனுஷ இயல்பு. மூணு மாசம் ட்ரெயினிங் போடுவாங்க. முடிச்சுட்டு பழையபடி உன் சீட்டுல வந்து உக்காந்துக்கலாம்."

போன வருஷம் நீங்கள்தானே சார் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்காதே என்றீர்கள் என்று கேட்டேன். 

"நான் எப்பம்மா சொன்னேன்?"

கோபம்கூட இல்லை அந்தக் குரலில். நிஜமாகவே யோசிக்கிறவர் மாதிரி. நடிகர் ஆகியிருக்க வேண்டியவர், ஏர்போர்ட்டுக்கு வந்து தொலைத்திருக்கிறார். அப்படி எழுதினால் உன் பேச்சா என் பேச்சா என்று ஆகும், பாஸ் செக்‌ஷனில் ஒரு சீட் காலியாக இருக்கிறது, அங்கே உட்கார்ந்து ஊழியர் அடையாள அட்டைக்கு லேமினேஷன் போட்டுக்கொண்டு இருக்க வேண்டிவரும், எட்டு வருஷம் படிச்ச படிப்பு என்னாவது என்று எனக்காக வருத்தப்பட்டார்.

 பாத்திரம் எல்லாவற்றையும் இன்னொரு தடவை கழுவினேன்.

சாயங்காலம் அம்மாவிடம் முழுசாகச் சொன்னேன். இதுவரை பாதிதான் தெரியும் அவளுக்கு. முப்பத்திரண்டு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தேன்.

"டாக்டர் போன்ல மருந்து சொன்னா நாங்க எழுதிக்குவோம். எழுதினத அவருக்கே படிச்சுக் காட்டுவோம். ஆமான்னு சொன்னப்புறம்தான் ஊசிய தொடுவோம். இது கூட தெரியாமயா உன்ன பெரிய வேலைல வெச்சாங்க?"

படித்துக் காட்டுவதற்குள் போனை வைத்துவிட்டால் என்ன பண்ணுவாய் என்றேன்.

"திரும்ப போடுவேன். கத்துவாரு. கத்தட்டும்."

 கீரையில் பாதியைக் காம்போடு போட்டுவிட்டாள். சாம்பார் நார் நாராக இருந்தது.

மே 9, சனி

கண் சொட்டு மருந்து கிடைத்தது. பிளேடு மாற்றியாயிற்று, இதுவும் கொஞ்சம் ஆடுகிறது.

பெட்டியைக் கவிழ்த்துப் போன வருஷ டைரியைத் தேடினேன். ஹாஸ்டலைக் காலி பண்ணிக்கொண்டு வந்த அவசரத்தில் அயர்ன் பாக்ஸ் வந்திருக்கிறது, டைரி வந்ததா தெரியவில்லை. புடவைக்கு அடியில் இருந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஆகஸ்ட் 21. என் கையெழுத்து. மூ.சார் நான் எப்பம்மா சொன்னேன் என்றாரே, இதோ (கே.ஆர். என்பது கேப்டன் ஆர்.):

"கே.ஆர். கம்ப்ளெய்ண்ட் பண்ணிவிட்டாராம், நேற்று மூன்று தடவை ரீட்பேக் கேட்டேன் என்று. மூ.சார் கூப்பிட்டார். அவங்கள்லாம் பெரியவங்க, கிளிக் வந்தா பதில் வந்த மாதிரிதான், சும்மா நோண்டாதே, லைனை அடைக்காதே என்றார். எழுத்தில் கொடுங்கள் சார் என்றேன். சிரித்தார்."

இருபது தடவை படித்திருப்பேன். வாய்விட்டுச் சிரித்தேன். அம்மா எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள்.

அதே பக்கத்தில் கீழே இன்னும் நாலு வரி இருக்கிறது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

நாலு மணிக்கு ஷபானா வந்தாள். மேல்விஷாரத்துக்காரி, பள்ளிக்கூடத் தோழி. கல்யாணமாகி ஆம்பூர் வந்து ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறாள். அம்மாவைத் தவிர இவள் ஒருத்தியிடம்தான் உண்மை சொல்லியிருந்தேன். பக்கத்தைக் காட்டினேன். கீழே உள்ள வரிகளின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காட்டினேன்.

படித்துவிட்டுச் சொன்னாள், அவர்கள் லைனிலும் இதே கதைதான். ரிஜெக்ட் ஸ்டிக்கரை எடுத்தால் சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து "பாத்து போடும்மா" என்பாராம். பாத்துப் போடு என்றால் போடாதே என்று அர்த்தம். நாளைக்கு வெளிநாட்டுப் பார்ட்டி ஷூவைத் திருப்பி அனுப்பினால் யார் செக் பண்ணியது என்று இவள் நம்பரைத்தான் தேடுவார்கள்.

"இத அப்டியே குடுத்துடு. உனக்கு ஒரு பேஜாரும் இல்ல," என்றாள். பிறகு, "கீழ இன்னா எழுதியிருக்கே? கைய எடு."

மளிகை லிஸ்ட் என்றேன்.  டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

மே 10, ஞாயிறு

ஆராதனை. ஃபேன் ஓடியும் பிரயோஜனம் இல்லை, பிரசங்கம் முழுக்க விசிறிக்கொண்டே இருந்தோம். வெளியே வந்ததும் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்: "பெரிய ட்ரெயினிங் ஒண்ணு இருக்காம், அதுக்கு முன்ன ரெஸ்ட் குடுத்திருக்காங்க." கோயில் வாசலில் நின்று கூசாமல் சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

பிரியாணி பார்சல். கத்திரிக்காய் தொக்கு கம்மி, அதற்கும் ஒரு சண்டை.

சாப்பிட்டதும் அம்மா ஆரம்பித்தாள். அந்த ஆள் சொன்னபடியே எழுதிக் கொடுத்துவிடு, மூணு மாசம் கண்ணை மூடித் திறந்தால் போய்விடும், பிறகு உன் சீட் உனக்கு என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ மட்டும் டாக்டருக்குத் திரும்பப் போன் போட்டாயே என்றேன்.

"போட்டேன். அதனாலதான் கடைசி வரைக்கும் வார்டு இன்சார்ஜ் ஆவல. எனக்கு அப்புறம் வந்தவங்க நாலு பேரு ஆனாங்க. அவங்களுக்கு நான் குட்மார்னிங் சொன்னேன்."

எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். முப்பத்திரண்டு வருஷத்தில் இதை அவள் வீட்டில் சொன்னதே இல்லை. அப்பா இருந்தபோதும் சொன்னதாக நினைவில்லை. அந்த நாலு பேரில் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்குக் கேக் எடுத்துக்கொண்டு வருவார்கள்.

மே 12, செவ்வாய்

நாளை காலை வண்டி. விடிந்ததும் ஸ்டேஷன்.

வாக்குமூலம் இரண்டாக எழுதியிருக்கிறேன். முதலாவது, மூ.சாருக்குப் பிடித்தது: ரீட்பேக் வந்ததாக நினைத்தேன். இரண்டாவது, எனக்குப் பிடித்தது: சூப்பர்வைசர் கேட்கக்கூடாது என்றார், ஆதாரம் இணைப்பு. முதலாவதில் சீட் உண்டு, நான் இல்லை. இரண்டாவதில் சீட் போனாலும் போகும், ஆனால் நான் நல்லவள், சுத்தமானவள், ஒரு வயசான மனுஷன் வாயால் கெட்டவள். இரண்டாவதைப் படிக்கப் படிக்க எனக்கே என்மேல் இரக்கம் வந்தது. அதையே கொடுப்பது என்று முடிவு. பாஸ் செக்‌ஷன் என்றால் பாஸ் செக்‌ஷன். ஆனாலும் முதலாவதைக் கிழிக்கவில்லை. இரண்டும் தனித்தனி உறையில், பைக்குள்.

பஜாரில் ஜெராக்ஸ் கடை. டைரிப் பக்கத்தின் கீழ்ப் பாதியை மடித்துக் கொடுத்தேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மடிச்சு வெச்சா கீழ கறுப்பா விழும்மா. பரவால்லியா?"

பரவாயில்லை என்றேன். மேலே என் கையெழுத்து, கீழே தார் ஊற்றிய மாதிரி கறுப்பு. மூன்று காப்பி எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா அதைப் பார்த்தாள். சப்பாத்தி கட்டித் தருகிறேன் என்றாள்.

ஒரிஜினல் டைரியை வீட்டில் வைத்துவிட்டுப் போக நினைத்தேன். அம்மா கையில் கிடைத்தால் படிப்பாள். அதனால் அதுவும் பையில்.

மே 13, புதன்

திரும்பும் வண்டியில் எழுதுகிறேன். ஆடுகிறது. எதிர் சீட்டில் ஒரு குடும்பம், முறுக்கு.

கமிட்டி என்றார்கள், அறையில் இரண்டே பேர். விசாரணை அதிகாரி, வயதானவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொள்கிறவர். பக்கத்தில் லேப்டாப்பில் குறிப்பு எடுக்கிற ஒரு பெண். வெளியே பெஞ்சில் மூ.சார், முழுக்கைச் சட்டை, என்னைப் பார்த்து ஒரு புன்னகை. சாப்பிட்டாயா என்று கேட்டார். சப்பாத்தி என்றேன்.

முதலில் டேப்பைக் கேட்டுவிடலாம், பிறகு உங்கள் வாக்குமூலம் என்றார் அதிகாரி. அந்த ஒரு நிமிஷம் மட்டும் போடுவார்கள் என்று நினைத்தேன். பத்து மணியிலிருந்து போட்டார்கள்.

முதலில் வேறு ஒரு விமானம். இளம் குரல், புதிதாகச் சேர்ந்தவன் போலிருந்தது. கோட்டில் நில் என்கிறேன். நிற்கிறேன் என்றான், ரன்வே எண்ணை விட்டுவிட்டான். முழுசாகச் சொல் என்கிறேன். சொன்னான், இந்தத் தடவை தன் விமான எண்ணை விட்டான். மறுபடி என்கிறேன். பதற்றத்தில் எல்லாவற்றையும் குழப்பினான். மறுபடி. நாலாவது தடவை சரியாகச் சொல்லி, "சாரி மேடம்" என்றான். என் குரல், ஏதோ தட்டில் இனிப்பு வைத்த மாதிரி, அடுத்த தடவை தூங்கிவிட்டு வாருங்கள் என்கிறது. பின்னால் ஜோசப் சிரிப்பதும் டேப்பில் இருக்கிறது.

அப்போதே காது சூடாகிவிட்டது.

பிறகு கேப்டன் ஆர். நான் நிற்கச் சொல்கிறேன். டிக், டிக். அடுத்து நான் எதுவும் சொல்லவில்லை என்றுதான் இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த டைரியிலும் அப்படித்தான் எழுதினேன். டேப்பில் இருக்கிறது:

"தேங்க்யூ சார்."

எனக்கு நினைவே இல்லை. சத்தியமாக நினைவில்லை. எத்தனை பணிவு அந்தக் குரலில். பத்து நிமிஷத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பைலட்டை வறுத்து எடுத்த அதே வாய்.

மூ.சார் கேப்டனைத்தான் விடச் சொன்னார். சின்னவர்களைப் பிடி என்று சொல்லவில்லை. அது நானாகக் கற்றுக்கொண்டது.

அதிகாரி வாக்குமூலத்தைக் கேட்டார். பையைத் திறந்தேன். இரண்டு உறைகளையும் கறுப்பு ஜெராக்ஸையும் தள்ளிவிட்டு டைரியை எடுத்து, ஆகஸ்ட் 21ஐத் திறந்து மேஜையில் வைத்தேன். தமிழ் தெரியாது, நீங்களே படித்து ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றார். படித்தேன். மேல் பாதியைப் படித்தேன். பிறகு கீழே உள்ள நாலு வரி. இனி இங்கேயும் இருக்கட்டும்:

"இனி கே.ஆரை விட்டுவிட வேண்டியதுதான். எனக்கென்ன. சாயங்காலம் ஒரு புது பைலட் ரீட்பேக்கில் பாதியை விட்டான். வேண்டுமென்றே நாலு தடவை சொல்ல வைத்தேன். குரல் நடுங்கியது. மனசு கொஞ்சம் ஆறியது."

அந்தப் பெண் தட்டுவதை நிறுத்தியிருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியும் என்று முகத்திலேயே தெரிந்தது. ஆங்கிலத்தில் வரிவரியாகச் சொன்னேன். மூன்று விஷயம் சார் என்றேன். ஒன்று, நான் ரீட்பேக் கேட்டு வாங்கவில்லை, வந்ததாக நினைக்கவும் இல்லை. இரண்டு, சிறியவர்களிடம் கேட்டேன், பெரியவர் என்பதால் அவரிடம் கேட்கவில்லை. மூன்று, பெரியவரிடம் கேட்காதே என்று சூப்பர்வைசர் மூர்த்தி எனக்கு வாய்மொழியாக உத்தரவு கொடுத்தார்.

அதிகாரி ஏதோ கிறுக்கினார். கோப்பை மூடினார்.

"நோட்டட்."

அவ்வளவுதான். நோட்டட். மணியைப் பார்த்தார். அடுத்து மூ.சாரைக் கூப்பிடச் சொல்லப் போகிறார். எனக்குள் அந்த டிக், டிக் கேட்டது.

நான் எழுந்திருக்கவில்லை. சார், நான் சொன்னதைத் திரும்பச் சொல்லுங்கள் என்றேன். குறித்துக்கொண்டேன் மேடம் என்றார். தெரியும் சார், திரும்பச் சொல்லுங்கள் என்றேன். கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. கோப்பைத் திறந்தார். முதலாவதைச் சொன்னார், சரி. இரண்டாவதில் பெரியவர் என்பதால் என்பது இல்லை. அதைச் சேருங்கள் சார் என்றேன். சேர்த்தார். மூன்றாவது: "மேலிடத்திலிருந்து அறிவுரை இருந்ததாகக் கூறினார்."

பெயரோடு சார், மறுபடி, என்றேன்.

"மேலதிகாரி ஒருவர் வாய்மொழியாக..."

பெயரோடு சார்.

எனக்கு அந்த இளம் குரல் ஞாபகம் வந்தது. அதனால் குரலை உயர்த்தவில்லை, கிண்டலும் இல்லை. வெறுமனே கேட்டேன். அந்தப் பெண்ணின் விரல்கள் லேப்டாப்மேல் தயாராக இருந்தன.

மூன்றாவது தடவை பெயர் வந்தது. கரெக்ட் சார் என்றேன்.

அவர் பேனாவை மூடினார். இது பதிவானால் நீங்கள் டவருக்குத் திரும்ப முடியாமல் போகலாம், புரிந்ததா என்று கேட்டார்.

தலையாட்டவில்லை. வாயால் சொன்னேன்: "இது பதிவானால் நான் டவருக்குத் திரும்ப முடியாமல் போகலாம்."